மொட்டை மாடியில் ஒரு சல்லடை!

‘உய்ய்ய்ங்... கொர்ர்ர்... டிட் டா டிட் டா...’

ராத்திரி பதினோரு மணி. ஹாஸ்டல் மொட்டை மாடி. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய யு.பி.எஸ். பேட்டரி, ஒரு தகர பிஸ்கட் டப்பா, அதற்குள்ளிருந்து குடல் மாதிரி வெளியே தொங்கும் ஒயர்கள். ஆளுக்கு ஒரு காதாக இயர்போனைப் பங்கு போட்டுக்கொண்டு நானும் என் ரூம்மேட்டும். ரவுண்ட்ஸ் வந்த வார்டன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “தம்பி, இது வெடிக்குமா?”

வெடிக்காது சார். கேக்கும். அவ்வளவுதான்!

ரேடியோங்க. சொந்தமா, நாங்களே சால்டர் வச்சு செஞ்ச ரேடியோ. எஃப்.எம்.மில் பாட்டு கேட்கிற ரேடியோ இல்லை. உலகம் பூரா ‘ஹாம்’னு சொல்லிக்கிற அமெச்சூர் ரேடியோக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறதைக் கேட்கிற ரேடியோ. நடுவில் டவர் கிடையாது, சிம் கார்டு கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. அவர் வீட்டு ஒயரிலிருந்து கிளம்பின அலை, வானத்தில் அயனி மண்டலத்தில் முட்டி, எங்க ஹாஸ்டல் ஒயரில் வந்து இறங்கும்.

“போன்ல நெட் இருக்கு, அப்புறம் எதுக்குடா இந்த வேலை?”ன்னு கிளாஸில் கேட்காத ஆளே இல்லை. அவங்களுக்கெல்லாம் சிரிச்சு மழுப்பிட்டேன். இங்கே சொல்லிடறேன்.

நான் வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்க ஊரைத் தாண்டினப்போ எட்டாவது படிச்சிட்டு இருந்தேன். அப்பா திருப்பூரில் வேலை. விடிஞ்சு பார்த்தா தென்னை மரம் ஒண்ணுகூட நிக்கலை, கரன்ட் கம்பம் நிக்கலை, செல்போன் டவரும் செத்துப்போச்சு. அம்மா கையில் போனை வச்சுக்கிட்டு, சார்ஜ் தீர்ற வரைக்கும் ‘சிக்னல் வருதா, வருதா’ன்னு தெருத்தெருவா நடந்தாங்க. நாங்க உயிரோடு இருக்கிறோம்கிற ஒரே ஒரு வரியை அப்பாவிடம் சொல்ல மூணு நாள் வழியில்லை. மூணாவது நாள் சாயந்திரம், பாதி தூரம் பைக், பாதி தூரம் நடைன்னு அவரே வந்து வாசலில் நின்னார். எதுவும் பேசலை. எங்க ரெண்டு பேரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

இன்ஜினீயரிங்கில் இ.சி.இ. எடுத்ததுக்கு இன்டர்வியூவில் நான் சொல்ற காரணம் வேற. நிஜக் காரணம் இதுதான்.

ரெண்டாம் வருஷம் கம்யூனிகேஷன் பேப்பர் படிக்கும்போது, காலேஜ் ஊரிலேயே ஒரு மூத்த ஹாம் இருக்கிறார்னு லேப் அண்ணன் சொன்னார். வீட்டைக் கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈஸி. எந்த மொட்டை மாடியில் துணி காயாம வெறும் கம்பி மட்டும் காயுதோ, அதுதான் அவர் வீடு! பேரோ, கால் சைனோ போடக்கூடாதுன்னு அன்புக் கட்டளை. அதனால் இந்தக் கட்டுரை பூரா அவர் ‘சார்’தான்.

சார் முதல் நாள் எங்களுக்குச் சொன்னது ரேடியோ கதை இல்லை, சுனாமி கதை. 2004 டிசம்பர் 26. அந்தமானில் பல வருஷமா ஹாம்களுக்கு அனுமதியே இல்லாம இருந்து, அந்த மாதம்தான் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேர் போய் ஸ்டேஷன் போட்டிருந்தது. உலகத்து ஹாம்களோடு தொடர்பு கொள்கிற ஒரு சந்தோஷப் பயணம், அவ்வளவுதான். நடுவில் சுனாமி வந்துவிட்டது. டெலிபோன் லைன்கள் செத்துப்போன ஊரில், ஹோட்டல் அறையில் இருந்த அந்த ஸ்டேஷன் தீவுக்கும் இந்தப் பக்கத்துக்கும் தகவல் பாலமாக மாறியது. “காணோம்னு தேடிட்டிருந்த ஆளுங்களைப் பத்தி ‘பத்திரமா இருக்காங்க’ன்னு ஒரு வரி வர்றப்போ, அதைக் கேக்கிறவனுக்கு எப்படி இருக்கும் தெரியுமா தம்பி?” என்றார் சார்.

எனக்குத் தெரியும் சார்னு சொல்ல வாய் வரலை.

அன்னிக்கே சேர்ந்துட்டோம். முதல் கட்டளை: “பேசறதுக்கு லைசென்ஸ் வேணும். அது பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி, அப்புறம். முதல்ல காது. கேக்கத் தெரியாதவன் பேசக்கூடாது. போய் ஒரு ரிசீவர் செஞ்சு எடுத்துட்டு வா.”

இப்போ விற்கிற ஐந்நூறு, ஆயிரம் சாமான்களை வைத்து எதுவும் வாங்கிடலாம்தான். டிவி பார்க்கிறதுக்குச் செஞ்ச யு.எஸ்.பி. டாங்கிள் ஒண்ணை லேப்டாப்பில் சொருகி, சாஃப்ட்வேரிலேயே ரேடியோ கேட்கிற ஆட்கள் நிறைய. நாங்களும் முதலில் அதைத்தான் காட்டினோம். சார் சிரிச்சார். “நல்ல சாமான்தான். ஆனா அது கேட்டுச்சு. நீ என்ன கேட்ட?”

சரின்னு இறங்கிட்டோம் பாஸ்!

முதல் ரிசீவருக்கு எடுத்துக்கொண்டது ‘டைரக்ட் கன்வர்ஷன்’ சர்க்யூட். 1968-ல் அமெரிக்காவின் ‘கியூஎஸ்டி’ பத்திரிகையில் வெஸ் ஹேவர்டும் டிக் பிங்காமும் எழுதின கட்டுரைக்கு அப்புறம்தான் வீட்டில் ரேடியோ செய்கிறவர்களிடையே இது பிரபலமானது. ரொம்ப சிம்பிள். 7 மெகாஹெர்ட்ஸில் வருகிற சிக்னலோடு, கிட்டத்தட்ட அதே 7 மெகாஹெர்ட்ஸில் நாமே ஒரு ஆஸிலேட்டரை ஓடவிட்டுக் கலக்கணும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காதில் கேட்கிற சத்தம். 7.100-ஐயும் 7.101-ஐயும் கலக்கினா, வித்தியாசம் ஆயிரம் ஹெர்ட்ஸ், ‘உய்ங்’! கலக்க எஸ்.ஏ.612 என்கிற எட்டுக்கால் ஐ.சி. ஒண்ணு, சத்தத்தைப் பெரிசாக்க எல்.எம்.386 என்கிற இன்னொரு எட்டுக்கால். ரெண்டு பூச்சி, கொஞ்சம் கெப்பாசிட்டர், ரேடியோ ரெடி.

ஆன்டெனா? ஹாஸ்டல் மாடியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் 20 மீட்டர் ஒயர். பக்கத்துக்குப் பத்து மீட்டர், நடுவில் கோஆக்ஸ் கேபிள். 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் நாற்பது மீட்டருக்குச் சொச்சம், அதில் பாதி. கட்டின மறுநாளே சிக்னல் படுத்துவிட்டது. என்னடான்னு மேலே ஓடிப்போய்ப் பார்த்தால், மெக்கானிக்கல் பசங்க ஏழு ஈர லுங்கியைக் காயப்போட்டிருக்காங்க! (இந்த நாட்டில் விஞ்ஞானம் வளராததற்கு ஆயிரம் காரணம்.)

லுங்கியை எடுத்துவிட்டு, ராத்திரி ஸ்விட்சைப் போட்டோம். கேட்டுச்சு! எல்லாமே கேட்டுச்சு. அதுதான் பிரச்னையே. டயலை எந்தப் பக்கம் திருப்பினாலும் பின்னாடி ஒரு வெளிநாட்டு அம்மா செய்தி வாசிக்கிறாங்க, கூடவே ஒரு புல்லாங்குழல், அதற்கும் பின்னாடி யாரோ ஒருத்தர் திட்டுகிறார். ஆஸிலேட்டரையே கழட்டிட்டாலும் அந்த அம்மா விடலை.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு சாரிடம் ஓடினோம். அவர் ஸ்டவ்வில் காபி போட்டுக்கொண்டிருந்தார். பித்தளை ஃபில்டரைத் தூக்கிக் காட்டி, “இதுல அடித்தட்டு ஓட்டை பெரிசா இருந்தா என்ன ஆகும்?” என்றார்.

“தூளும் சேர்ந்து இறங்கிடும் சார்.”

“உன் ரேடியோவுல தட்டே இல்லையேடா!”

அன்னிக்கு ஆரம்பிச்சது எங்க ஃபில்டர் படலம். நாங்க கிளாஸில் பட்டர்வொர்த், செபிஷெவ்னு மார்க்குக்காகப் படிச்ச சமாசாரம்தான். அது காதுக்குள் இப்படி உதைக்கும்னு யாரும் சொல்லித் தரலை.

விஷயம் இதுதான். ஹாம்களின் 40 மீட்டர் பேண்ட் நம்ம ஊரில் 7.0-லிருந்து 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அது முடிகிற இடத்திலேயே, 7.2-ல் சுவரை ஒட்டினாப்போல ஒலிபரப்பு நிலையங்களின் பேண்ட் ஆரம்பிக்கிறது. ஹாம் நூறு வாட்டில் முனகுகிறார் என்றால், பக்கத்து வீட்டுக்காரர் நூறு கிலோவாட்டில் கத்துகிறார். எஸ்.ஏ.612 நல்ல பிள்ளை, குறைந்த சத்தத்தையும் பிடிக்கும். ஆனால், பலமான சிக்னல் வந்தால் தாங்காது. கலக்குகிற வேலையை மறந்துவிட்டு, அந்த ஒலிபரப்பை நேரடியாகவே சத்தமாக மாற்றிக் காதில் ஊற்றிவிடும். ஆஸிலேட்டரைக் கழட்டியும் அந்த அம்மா விடாததன் ரகசியம் இதுதான்.

அதனால் முதல் சல்லடை வாசலில். ஆன்டெனாவுக்கும் மிக்ஸருக்கும் நடுவில், 7 மெகாஹெர்ட்ஸை மட்டும் உள்ளே விடுகிற காயிலும் கெப்பாசிட்டரும். ஒரு ஜோடி போதாது. ரெண்டு ஜோடியைச் சின்னக் கெப்பாசிட்டரால் கோத்துவிட்டால் விளிம்பு இன்னும் செங்குத்தாக விழும். இதற்காக மஞ்சள் கலர் டொராய்டு வாங்கி எண்ணி எண்ணிச் சுற்றலாம். நாங்கள் பழைய எஃப்.எம். ரேடியோவிலிருந்து கழட்டின ரெண்டு 10.7 ஐ.எஃப். டப்பாவை எடுத்து, கூடுதல் கெப்பாசிட்டரைப் போட்டு 7-க்கு இறக்கிக்கொண்டோம். திருகை முடுக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பல்குச்சியைச் சீவிக்கொள்ளுங்கள். இரும்பு கிட்டப் போனாலே டியூனிங் மாறிவிடும்.

இதற்கும் முன்னால் ஒரு ஒரு-கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலை ஆன்டெனாவிலேயே போடச் சொன்னார் சார். “சிக்னலைக் குறைக்கிறதா? நாங்க கூட்டத்தானே பார்க்கிறோம்?”னு என் ரூம்மேட் சண்டைக்கே போய்விட்டான். பத்து ரூபாய் சாமான். ஆனால் ராத்திரி நேரத்தில் அதைக் கொஞ்சம் குறைத்தால், நமக்கு வேண்டிய குரல் கொஞ்சம் குறைகிறது. அந்த அம்மா மொத்தமாக மறைந்துவிடுகிறார்! முழு செலவிலும் இந்தப் பத்து ரூபாய்க்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் தாழ்மையான கருத்து.

வாசல் சரி. வீட்டுக்குள்?

டைரக்ட் கன்வர்ஷனில் ஒரு பிறவிக் கோளாறு உண்டு. 7.100-ல் ஆஸிலேட்டர் ஓடினால், 7.101-லிருந்து வருகிறவரும் ஆயிரம் ஹெர்ட்ஸ் வித்தியாசம்தான், 7.099-லிருந்து வருகிறவரும் ஆயிரம் ஹெர்ட்ஸ் வித்தியாசம்தான். ரெண்டு பேரும் ஒரே காதில் ஒரே சமயத்தில். கடைசியில் போடுகிற ஆடியோ ஃபில்டரால் இவர்களைப் பிரிக்கவே முடியாது. அதன் கண்ணுக்கு ரெண்டு பேருமே ஆயிரம் ஹெர்ட்ஸ்! கல்யாண மண்டபத்தில் ‘கணேசன்’னு கூப்பிட்டால் மூணு பேர் திரும்பிப் பார்க்கிற கதை.

இதற்கு வழி, எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918-லேயே, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது பாரீஸில் உட்கார்ந்து கண்டுபிடித்த சூப்பர்ஹெட்டரோடைன். வருகிற சிக்னல் எதுவானாலும், அதை ஒரே ஒரு நிலையான அலைவரிசைக்கு மாற்றிவிடு. அந்த இடத்தில் நல்ல சல்லடையாக ஒன்றை நிரந்தரமாக வை. அதற்கப்புறம் அதைக் காதுக்கு இறக்கு. டயலைத் திருப்பும்போது சல்லடை நகராது. அதன் முன்னால் சிக்னல்கள்தான் நகரும்.

சரி, எந்தச் சல்லடை? இங்கேதான் மூணு வாரம் மண்டை காய்ந்தோம்.

மலிவானது 455 கிலோஹெர்ட்ஸ் செராமிக் ஃபில்டர். பாக்கெட் ரேடியோ எதை உடைத்தாலும் உள்ளே இருக்கும். ஆனால் அது சாதாரண ஏ.எம். ஒலிபரப்புக்காகச் செய்தது, சுமார் ஆறு கிலோஹெர்ட்ஸ் அகலம். ஹாம்கள் பேசுகிற எஸ்.எஸ்.பி. குரலுக்கு 2.4 கிலோஹெர்ட்ஸ் போதும். ஆறு விட்டால் பக்கத்தில் இருக்கிற ரெண்டு பேரும் சேர்ந்து வருவார்கள். அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. 455-க்கு மாற்றினால், அதன் ரெண்டு மடங்கு, அதாவது 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிற இன்னொரு நிலையமும் பிம்பமாக அதே சல்லடையில் வந்து விழும். 7.1-க்குப் பிம்பம் 8.01-ல். வாசலில் இருக்கிற எங்க பழைய டப்பா ஃபில்டர் அவ்வளவு கிட்டத்தில் இருப்பதை முழுசாக வெட்டாது. உள்சல்லடையில் மிச்சம் பிடித்தால் வாசல் சல்லடையில் செலவு!

மெக்கானிக்கல் ஃபில்டர் என்று ஒரு ராஜா வீட்டுச் சரக்கு இருக்கிறது. உலோகத் தட்டுகள் நிஜமாகவே அதிர்ந்து வடிகட்டும். விலையைக் கேட்டுவிட்டு மரியாதையாக வெளியே வந்துவிட்டோம்.

மிச்சம் கிரிஸ்டல். வாட்சில், கம்ப்யூட்டர் போர்டில், ரிமோட்டில் எல்லாம் மினுங்குகிற அந்த வெள்ளித் தகர மாத்திரைதான். உள்ளே குவார்ட்ஸ் சில்லு. தனக்கென்று ஒரு அலைவரிசையில் மட்டும் அசையும். நாலைந்தை வரிசையாகக் கோத்து, நடுநடுவே கெப்பாசிட்டரால் தரையில் கட்டினால், ஏணி மாதிரி ஒரு ஃபில்டர். நம்ம ஹைதராபாத் ஹாம் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்ஸீவரில் இருப்பதும் இதுவே. இந்தியக் கடைகளில் கிடைக்கிற சாமானை வைத்தே செய்ய வேண்டும் என்று, 10 மெகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டர் கிரிஸ்டலையும், காயில் சுற்றத் தண்ணிக் குழாய் வாஷரையும் வைத்து அவர் போட்ட டிசைன் அது. வெளிநாட்டு ஹாம்களெல்லாம் அதைப் பார்த்துச் செய்தார்கள். குழாய் வாஷர் பாஸ், குழாய் வாஷர்!

எங்களுக்கு வாய்த்தது 4.433 மெகாஹெர்ட்ஸ். பழைய கலர் டிவியில், பால் முறை ஒளிபரப்பில் கலரைப் பிரித்தெடுக்க வைத்திருந்த கிரிஸ்டல். ஒரு சனிக்கிழமை சென்னைக்கு ரயிலேறி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியாக ஒரு மாடிக் கடையில் அண்ணன் ஒருவர் தூசியை ஊதி ஒரு கவரை நீட்டினார். “டிவி மெக்கானிக்கே இதைக் கேக்கிறதை விட்டுட்டான். உனக்கெதுக்குப்பா முப்பது?” ஃபில்டர் என்றதும் ரெண்டு எக்ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தார். வாழ்க அவர் குலம்.

ஏன் முப்பது? ஃபில்டருக்கு நாலோ ஆறோதானே வேண்டும்? கிரிஸ்டலின் தலையில் எல்லாவற்றிலும் ஒரே எண்தான் அச்சாகியிருக்கும். உள்ளே ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். ஃபில்டரில் அவை இயங்குகிற அலைவரிசை, அச்சடித்த எண்ணைவிட ஒன்றிரண்டு கிலோஹெர்ட்ஸ் கீழே இருக்கும். அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஒரு பி.சி.547 டிரான்ஸிஸ்டரில் ஆஸிலேட்டர் கட்டி, ஒவ்வொன்றாகச் சொருகி, லேப் ஃப்ரீக்வன்சி கவுன்ட்டரில் படித்து, நோட்டில் எழுதினோம். விரலால் தொட்டாலே சூட்டில் எண் ஓடும். ஃபேனைப் போட்டால் இன்னொரு பக்கம் ஓடும். ஏப்ரல் மாதம், ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்வை ஊற்ற, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம் கை கட்டி உட்கார்ந்திருந்தோம். முப்பத்திரண்டில் முதலுக்கும் கடைசிக்கும் எண்ணூறு ஹெர்ட்ஸ் வித்தியாசம்! அதிலிருந்து ஐம்பது ஹெர்ட்ஸுக்குள் அடங்குகிற ஆறு பேரைப் பொறுக்கி எடுத்தோம். ஃபில்டர் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும் என்பது சார் கணக்கு, 2.4 கிலோஹெர்ட்ஸுக்கு 240. நாங்க ஜாதகம் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிட்டோம்.

அடுத்த தப்பு கெப்பாசிட்டரில். நடுவில் போட 220 பிகோஃபாரட் லேப் டப்பாவில் நிறைய இருந்ததால் அதையே வைத்து இணைத்தோம். போட்டதும் மோர்ஸ் பிரமாதமாகக் கேட்டது. ஆனால் குரல்கள்? தண்ணித் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி. ஏணியில் இந்தக் கெப்பாசிட்டர் பெரிசாகப் பெரிசாக, வழி குறுகும். எங்கள் ஃபில்டரின் அகலம் 400 ஹெர்ட்ஸ்கூடத் தேறவில்லை. ஒரே ஒரு ஸ்வரத்தில் ஒலிக்கிற மோர்ஸுக்கு அது சொர்க்கம். மனுஷக் குரலுக்கு அது குழாய். சரி, மோர்ஸுக்கு இன்னும் குறுக்கினால் இன்னும் நல்லதா என்றால், அதுவும் இல்லை. ரொம்பக் குறுகின ஃபில்டர் மணி மாதிரி அடிக்க ஆரம்பிக்கும். ஒரு ‘டிட்’ முடிந்த பிறகும் அதன் வால் ‘ங்ங்ங்’ என்று இழுத்து, அடுத்த ‘டிட்’டின் காலை மிதிக்கும்.

39 பிகோஃபாரட்டுக்கு மாற்றினோம். குரல் குரலாக வந்தது. ஆனால் ஏதோ உறுத்தல். ஒரு இரவு பூரா நூறு நூறு ஹெர்ட்ஸாக நகர்த்தி, எது எவ்வளவு கடக்கிறது என்று கிராஃப் ஷீட்டில் புள்ளி வைத்துப் பார்த்தால், மேலே சமமாக இருக்க வேண்டிய இடம் ஒட்டகத்தின் முதுகு! ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அதற்குப் பொருத்தமான ரெசிஸ்டன்ஸ் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் இப்படித்தான் கூன் போடும். எங்கள் ஃபில்டருக்கு வேண்டியது சுமார் ஒரு கிலோ ஓம். எஸ்.ஏ.612 தருவது ஒன்றரை. ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டரை இணையாகப் போட்டதும் ஒட்டகம் மேஜையாகிவிட்டது. அரை ரூபாய் ரெசிஸ்டர். பத்தாவது இயற்பியல் கணக்கு. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்பது நாள்.

அந்த கிராஃப் இன்னொன்றும் சொன்னது. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். மேஜையின் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கவில்லை. வலது பக்கம், அதாவது அலைவரிசை கூடுகிற பக்கம், மலைக்கோட்டைப் பாறை மாதிரி செங்குத்தாக விழுந்தது. இடது பக்கம் படிக்கட்டு மாதிரி மெதுவாகச் சரிந்தது. தப்பு செய்துவிட்டோமோ என்று ஓடினால், “இந்த ஏணி ஃபில்டரோட சுபாவமே அதான்” என்றார் சார். “நீ எந்தப் பக்கத்துல உக்காந்துக்கறேங்கிறதுதான் கேள்வி.”

புரியாமல் திரும்பி வந்து, ரூம்மேட்தான் விடியற்காலை மூணு மணிக்கு எழுப்பினான். “மச்சான், நாம தப்பான பக்கம் நிக்கறோம்டா!” 40 மீட்டரில் எல்லோரும் லோயர் சைடு பேண்டில் பேசுவது வழக்கம். எங்கள் ஆஸிலேட்டர் 11.53 மெகாஹெர்ட்ஸில், சிக்னலுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து கழித்தால் சிக்னல் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திரும்பிவிடும்; லோயர் அப்பராகிவிடும். அதனால் குரலை மீட்கிற ரெண்டாவது ஆஸிலேட்டரை, சரிகிற படிக்கட்டுப் பக்கத்தில் வைக்க வேண்டியதாகிவிட்டது. அந்தச் சரிவு வழியாகத்தான் வேண்டாதவர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்! ஆஸிலேட்டரைச் சிக்னலுக்குக் கீழே, 2.67 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால் சிக்னல் திரும்பாது. ரெண்டாவது ஆஸிலேட்டர் பாறைப் பக்கம் போய்விடும்.

எங்கள் ரெண்டு ஆஸிலேட்டருமே எஸ்.ஐ.5351 என்கிற ஒரே சில்லிலிருந்துதான் வருகின்றன, ஆர்டுயினோவில் புரோகிராம். நாலு வரி மாற்றினோம். அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த கொர்ர்ர் கதவைச் சாத்தினாற்போல் நின்றது. ரெண்டு பேரும் கத்தினதில் பக்கத்து ரூம்காரன் வந்து உதைத்தான். வலிக்கவே இல்லை.

சாஃப்ட்வேரிலேயே எந்த அகலத்துக்கும் ஃபில்டர் போட்டுக்கொள்ளலாம், இந்தக் கிரிஸ்டல் கூத்தெல்லாம் பழசுதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், கம்ப்யூட்டர் போடுகிற ஃபில்டர் எங்கள் மேஜையைவிட அழகான மேஜை. ஆனால் அந்த டாங்கிளின் கண் எட்டு பிட்தான். பலமான ஒலிபரப்பு ஒன்று உள்ளே வந்து அந்தக் கண்ணை நிரப்பிவிட்டால், பக்கத்தில் முனகுகிறவர் எண்ணாகவே மாற மாட்டார். எண்ணாக மாறாததை எந்த சாஃப்ட்வேர் வடிகட்டித் தரும்? டாங்கிளை நாங்கள் தூக்கிப் போடவில்லை. எங்கள் வாசல் சல்லடையையே அதற்கும் முன்னால் போட்டுப் பார்த்தோம். அதுவும் நன்றாகவே கேட்க ஆரம்பித்தது.

இந்த வேலையில் எங்களுக்குப் பெரிய எதிரி யார் தெரியுமா? சார்ஜர்! செல்போன் சார்ஜர், லேப்டாப் அடாப்டர், எல்.ஈ.டி. பல்பு எல்லாமே 7 மெகாஹெர்ட்ஸில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைகின்றன. அது சரியாக நம் அலைவரிசையிலேயே இரைவதால் எந்த ஃபில்டரும் அதைப் பிடிக்காது. அதனால்தான் பேட்டரியும் மொட்டை மாடியும். ஹாஸ்டல் மொத்தமும் கரன்ட் போனால் ‘ஓ’வென்று கத்தும். நாங்கள் ரெண்டு பேர் மட்டும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடுவோம், சிரித்த முகத்தோடு.

போன மாதம் அப்படி ஒரு பவர்கட் இரவு. பேண்டே அமைதியாக இருந்தது. மோர்ஸ் பகுதியில் ரெண்டு பலமான ஸ்டேஷன்கள் ஒரு கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடித்துக்கொண்டிருந்தன. 220 பிகோஃபாரட் ஃபில்டரை நாங்கள் தூக்கிப் போடவில்லை; ஒரு ஸ்விட்ச் வைத்து மோர்ஸுக்கென்று மாற்றிக்கொள்கிற மாதிரி வைத்திருந்தோம். அதைப் போட்டதும் ரெண்டு பேரும் விலகிப்போனார்கள். நடுவில், ரொம்ப மெல்லிசாக, ரொம்ப மெதுவாக ஒரு மூணாவது ஆள். நான் நோட்டில் புள்ளியும் கோடுமாக எழுதிக்கொண்டே வந்தேன். வி. யு. நாலு. அப்புறம் சத்தம் மங்கிப்போய், மறுபடி வந்தது. வி. யு. நாலு.

வி.யு.4 அந்தமானின் அடையாளம்.

அது வரைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான் ரூம்மேட். எப்போ எழுந்து நின்றான் என்று தெரியவில்லை. இயர்போன் ஒயர் நீளம் போதாமல் என் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

காலையில் சாரிடம் நோட்டைக் காட்டினோம். பார்த்தார். பெரிசாக ஒன்றும் சொல்லவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு பழுப்பேறின புத்தகத்தை எடுத்து நீட்டினார். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்துகிற ஹாம் பரீட்சைக்கான பாடங்கள். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று ரெண்டு கிரேடு. ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் தேவையில்லை. “நீங்க ஜெனரலே எழுதுங்க” என்றார்.

(ஒரு கொசுறு: 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் இஸ்ரோ அனுப்பின ‘ஹாம்சாட்’ செயற்கைக்கோளில் ரெண்டு டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தன. ஒன்றை இந்திய ஹாம்கள் செய்தார்கள். இன்னொன்றைச் செய்தவர் ஒரு நெதர்லாந்து மாணவர்! 2014 வரை அது வானத்தில் வேலை செய்தது. செமஸ்டர் பிராஜெக்ட்டை ரெடிமேடாக விலைக்கு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் கவனத்துக்கு.)

மொத்தச் செலவு ரிச்சி ஸ்ட்ரீட் ரயில் டிக்கெட், டீ, வடையெல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்துக்குள்தான். செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் டைரக்ட் கன்வர்ஷனையே செய்யுங்கள். நேராகக் கிரிஸ்டல் ஃபில்டருக்குப் போய்விடாதீர்கள். அந்த வெளிநாட்டு அம்மாவிடம் நாலு நாள் திட்டு வாங்கினால்தான் சல்லடையின் அருமை தெரியும். கிரிஸ்டலை ஒரே கவரிலிருந்து, வேண்டியதைவிட நாலைந்து மடங்கு வாங்குங்கள். அதன் தகர உடம்பைத் தரையோடு இணைக்க மறக்காதீர்கள். நாங்கள் மறந்து, சிக்னல் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் போனதைக் கண்டுபிடித்தது தனிக் கதை.

அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். அந்தமானிலிருந்து ஒருத்தர் அடிச்சது எங்க டப்பாவில் கேட்டுச்சும்மா, டவர் இல்லாம, நெட் இல்லாமன்னு மூச்சு விடாமல் சொன்னேன். அம்மாவுக்கு ஃபில்டரும் புரியாது, பிகோஃபாரட்டும் புரியாது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“கரன்ட் இல்லாமயா கேட்டுச்சு?”

“ஆமாம்மா. பேட்டரிதான்.”

“திருப்பி நீ பேசலாமா அதுல?”

“இப்ப முடியாதும்மா. அதுக்குப் பரீட்சை எழுதணும்.”

“எப்ப பரீட்சை?”